புள்ளய பாத்துக்க ஒரு ஆளு

...போன புதன்கெழம போனவங்கக்கா, புள்ளயப் பாத்துக்க வந்த அந்தம்மா! கொழாயடில கொடத்த வெச்சிட்டு வந்துட்டேன், செத்த பாத்துட்டு வந்துடறேன்னாங்க. இன்னும் அந்தக் கொடம் நெறயல! எங்க கோட்டுச்சேரிமேட்டுக் கொழாயில தண்ணி மெதுவாத்தான் வரும், ஒத்துக்கறேன்... அதுக்காக இப்புடியா? அவங்களுக்கு முன்னாடி ஒரு பொண்ணு வந்துச்சு. நல்லா படிச்ச பொண்ணு. நான் பேசிக்கிட்டு இருக்கும்போதே போன எடுத்துக் காதுல வெச்சிக்கிட்டு, "ஹலோ... ஹலோ... சிக்னல் இல்ல"ன்னுட்டு வெளிய போச்சு. போனு அடிக்கவே இல்லக்கா! அடிச்சா எனக்குக் கேக்காதா? எனக்கென்ன காது செவுடா? தெருமொன வரைக்கும் ஹலோ ஹலோன்னே போயி, பஸ்ஸுல ஏறிடுச்சு.

நீங்க உக்காருங்க. அந்த நாக்காலி வேணாம், ஒரு காலு ஆடும். பாயில உக்காருங்க. அந்த ஓரம் வேணாம்... ஈரமா இருக்கும். தண்ணிதான். சரி, தண்ணின்னு வெச்சிக்குவமே, இந்த வூட்டுல நாங்க அப்புடித்தான் சொல்லிக்கறது.

நீங்க கோட்டுச்சேரிலேர்ந்து வர்றீங்க, கனகாம்பாள் அக்கான்னு பேரு, நாலு புள்ளைவோள வளத்த கை... எல்லாம் நந்தினி சொல்லிட்டுத்தான் போயிருக்கு. நந்தினி என் வூட்டுக்காரி. காரைக்கால் டவுன்ல ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்புல வேலை. காலைல பஸ் ஏறுனா பொழுது சாயத்தான் வரும். நான் உத்திராபதி. வெசப்படகுல வலை இழுக்கற ஆளு. தோ, என் செருப்ப நக்கிக்கிட்டு இருக்காரே... டேய், வுடுறா அத! வுடுறாங்கறேன்! ...அவருதான் இந்த வூட்டு மொதலாளி. அகரன். வர்ற மாங்கனித் திருவிழா வந்தா ஒரு வயசு. அவரப் பாத்துக்கத்தான் ஆளு வோணும். ஏன்னா ரெண்டு மாசமா பாத்துக்கிட்டு இருந்த ஆளு இன்னிக்குக் கடலுக்குப் போறான். அந்த ஆளு நான்தான்.

மீன்புடி தடைக்காலம் நேத்தோட முடிஞ்சிட்டு. அங்க தொறமொகத்துல ஐஸ் ஏத்திக்கிட்டு இருக்கானுவோ. போனா ஒரு வாரம், பத்து நாளு தண்ணிலதான். எங்க போட்டு டிரைவரு கோவிந்தராசுன்னு ஒருத்தன், விடிஞ்சதுலேர்ந்து போன் மேல போன். "ஏண்டா, வர்றியா, இல்ல பால் குடுத்துக்கிட்டு இருக்கியா"ங்கறான். ஒரு மாதிரியான ஆளுக்கா அவன்.

நான் உள்ளதச் சொல்லிடறேன். மறைக்கறது என் பழக்கமில்ல. வந்த ரெண்டு பேருகிட்டயும் இப்புடித்தான் உள்ளதச் சொன்னேன். என்னமோ தெரியல, அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் வேல வந்துட்டு.

இவன் இருக்கானே, கடிப்பான். மேல ரெண்டு, கீழ ரெண்டு, நாலே பல்லுதான். ஆனா அந்த நாலும் என்னா வேல செய்யும் தெரியுமா? நண்டு கடிச்சா வுட்டுட்டுப் போயிடும். இவன் கடிச்சிட்டு மூஞ்சியப் பாப்பான், நல்லாருக்கான்னு கேக்கற மாதிரி. ஒங்க காதுல இருக்கே தோடு, அத கழட்டிப் பையில போட்டுக்கங்க. மூக்குத்தியையும்தான். தூங்கவே மாட்டான். தூளில போட்டா ஆட்டிக்கிட்டே இருக்கணும். கைய எடுத்தா கண்ணத் தொறந்துடுவான். சோறு ஊட்டறதுன்னா ரெண்டு ஆளு வோணும். ஒருத்தரு ஊட்டணும், இன்னொருத்தரு ஊட்டறவருக்கு ஆறுதல் சொல்லணும்... சிரிக்கிறீங்க. நான் சிரிக்கறதுக்காகச் சொல்லலக்கா.

இவன் பொறந்ததே அப்புடித்தான். போன வருசம் மாங்கனித் திருவிழா அன்னிக்குத்தான் வலி எடுத்துச்சு. வருசத்துல அத்தன நாளு இருக்கு, இவருக்கு அன்னிக்குத்தான் தோதுப்பட்டுருக்கு. டவுனு பூரா சனம். மாடிமேல நின்னுக்கிட்டு மாம்பழமா எறைக்குதுவோ. கீழ ஒரு கூட்டம், புள்ள வரம் கேட்டு மாம்பழம் புடிக்கிற கூட்டம். நடுவுல புள்ளயே பொறக்கப் போற ஆட்டோ! நவுருங்கம்மா, நவுருங்கன்னு கத்தறேன், எவளும் நவுரல. அப்ப ஒரு மாம்பழம் நேரா ஆட்டோக்குள்ள வந்து நந்தினி மடில விழுந்துச்சு. உடனே ஒரு அம்மா தலைய உள்ள வுட்டு, "ஒனக்குத்தான் வயித்துல இருக்கேம்மா, அத எனக்குக் குடுத்துடேன்"ங்குது. வலில பல்லக் கடிச்சிக்கிட்டே எடுத்துக் குடுத்துச்சுக்கா நந்தினி! அந்தம்மாவுக்கு இந்நேரம் பொறந்துருக்கும். ரெட்டையா பொறந்துருக்கணும். அப்பத்தான் தெரியும்.

அதோட முடிஞ்சிதா... பேரு. அதுக்கு ஒரு சண்ட. எங்க வழில தலச்சன் புள்ளைக்குக் கொலசாமி பேரு, ஐயனாரு. வெக்கிறதுல என்ன கொறச்சல்? எங்க மாமனாரு விழிதியூருக்காரரு, வெவசாயி. அவரு அவங்க அப்பா பேரு ஆதிமூலம்னு வெக்கணும்னு நிக்கறாரு. நந்தினி போன்ல தேடி எடுத்துச்சு, அகரன். என்னா அர்த்தம்னு கேட்டேன். "அ"ங்கற எழுத்தாம்! ஒரு எழுத்தப் போயி எவனாவது புள்ளைக்குப் பேரா வெப்பானா? ஆனா நந்தினி ஒரு பார்வ பாத்துச்சு, நாங்க ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டோம். அப்பறம் பேரு வெக்கிற அன்னிக்கு காதுல மூணு தரம் சொல்லணும்ல? மாமனாரு குனிஞ்சி சொன்னாரு. பக்கத்துல நிக்கறேன், எனக்குக் கேக்குது... ஆதிமூலம், ஆதிமூலம், ஆதிமூலம்! என்னா மனுசன் பாருங்க! அதனால நானும் என் மொறைக்கு ஐயனாரு, ஐயனாருன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இப்ப இவன எந்தப் பேரு சொல்லிக் கூப்புட்டாலும் திரும்பறதில்ல. டேய்னா மட்டும் திரும்புவான். கோவிந்தராசு அகரம்ங்கறான். ஐஸ் போடறவன் நகரம்ங்கறான். ஊசி போடற எடத்துல எழுதிக்கறவங்க சகரான்னு எழுதி வெச்சிருக்காங்க.

என்னக்கா? தண்ணியா? தோ, அந்தச் சொம்புல இருக்கு. ...ஓ, அவனுக்கா. குடிக்க மாட்டான், சொம்பக் கவுப்பான். சரி, குடுத்துப் பாருங்க. என்னமோ சொன்னா கேக்க மாட்டீங்க.

எங்க நின்னேன்? மாமனாரு. எங்களுக்குப் பெரிய பொம்பள யாரும் இல்லக்கா, அதான் கத. எங்கம்மா நான் சின்னப் பயலா இருக்கும்போதே போயிட்டாங்க. நந்தினிக்கும் அம்மா இல்ல. புள்ளயக் குளிப்பாட்டறது எப்புடின்னு போன்ல வீடியோ பாத்துத்தான் குளிப்பாட்டுனோம். வீடியோல அந்தப் புள்ள சிரிக்கிது, இவன் அலறறான். வேற வீடியோ போடுங்குது நந்தினி. அப்பத்தான் மாமனாரு நான் வர்றேன்னு வந்தாரு. வந்தவரு சும்மா இருக்கணும்ல? நான் தாய்க்குப் பால் ஊறட்டும்னு பால்சுறா வாங்கியாந்து புட்டு அவிச்சா, சூடு, குடுக்காதங்கறாரு. ஏங்க, எங்க சனம் பூரா பால்சுறா தின்ன பாலக் குடிச்சி வளந்துதுதான், நாங்க என்ன வெந்தா போயிட்டோம்னேன். அவரு, "வேவல, நாத்தம்தான் போவல"ன்னாரு. நந்தினி சிரிச்சிட்டுக்கா! அதான் எனக்குத் தாங்கல. நான் பதிலுக்கு, ஒங்க மாட்டுத் தொழுவத்துல மல்லிப்பூவா மணக்குதுன்னேன். அதுக்குக் கோவிச்சிக்கிட்டு மறுநாளே மூட்ட கட்டிட்டாரு. அது ஒரு பேச்சா? விழிதியூருக்கு பஸ் ஏறும்போது கூட, புள்ளைக்கு மட்டும் டாட்டா காட்டுனாரே ஒழிய என் பக்கம் திரும்பல.

மாமனாரு இருந்துருந்தா இன்னிக்கு ஆளு தேட வேண்டிய வேலயே இல்ல. அவரு போவ நானா காரணம்? ...நீங்க ஏன் அப்புடிப் பாக்கறீங்க?

சரி, அத வுடுங்க. அப்பறம் தடைக்காலம் வந்துச்சு. நந்தினிக்கு லீவு முடிஞ்சி லேப்புல கூப்புடறாங்க. யோசிச்சிக்கிட்டு உக்காந்துருக்கு. நான் சும்மா இருந்துருக்கலாம்ல? இருக்க மாட்டேனே! "போ நந்தினி, நான் ரெண்டு மாசம் வூட்லதான இருக்கேன், நான் பாத்துக்கறேன். கடல்ல பொயலு பாத்தவன் நான், இந்த ஒரு மொழப் பயலப் பாத்துக்க மாட்டனா? புள்ள வளக்கறது என்ன பெரிய வேலயா? பொம்பளைங்க சும்மா கெடந்து பெருசு பண்றீங்க"ன்னேன். சொன்னேன்க்கா. இந்த வாயால சொன்னேன். நந்தினி துப்பட்டாவ எடுத்துப் போட்டுச்சு, பைய எடுத்துச்சு, போயிட்டு.

மொத நாளு... அத எப்புடிச் சொல்றது. டயப்பர முன்ன பின்ன மாத்திப் போட்டுட்டேன். அது எனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. என் மடி, பாயி, செவுரு... செவுத்துக்கு எப்புடிப் போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. அதுவும் பச்சயா இருந்துச்சுக்கா! பாசி மாதிரி பச்ச! எனக்கு உசுரே இல்ல. போட்டோ புடிச்சி நந்தினிக்கு அனுப்பிட்டேன். அது ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்துக்கிட்டு இருந்துருக்கு, போனு மேசமேல கெடந்துருக்கு. லேப்பு ஓனரு எட்டிப் பாத்துட்டு, "என்னம்மா, இதுக்கு ரிப்போர்ட் வேணுமா"ன்னாராம். சாயங்காலம் வந்து என்ன வாங்கு வாங்குன்னு வாங்கிட்டு.

ஊசி போடக் கூட்டிட்டுப் போனேன். அங்க பூரா பொம்பளைங்க. ஆம்பள நான் ஒருத்தன். எல்லாரும் என்னயவே பாக்கறாங்க. ஊசி ஏத்துனாங்க. இவன் ஒரு தரம் ஞேன்னான், நிறுத்திட்டான். எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. ஒரு சின்னப் பொண்ணு, அதுவும் கைப்புள்ளக்காரிதான், எங்கிட்ட வந்து, "அண்ணே, மொத தரம் அப்புடித்தான் இருக்கும், பழகிடும்"னு முட்டாயி குடுத்துட்டுப் போச்சு. அந்த முட்டாய நான்தான் தின்னேன்.

வலை பின்ற எடத்துக்கும் தூக்கிட்டுத்தான் போவேன். தடைக்காலத்துலதான வலயப் பிரிச்சி சரி பண்ண முடியும்? மீன் பொட்டிய நல்லா கழுவி, அதுல துணி விரிச்சி இவன உக்கார வெச்சிட்டு, பக்கத்துல உக்காந்து வேல செய்வேன். நம்ம பயலுவோ இருக்கானுவோளே, எனக்குப் பேரு வெச்சிட்டானுவோ. பாலூட்டின்னு. "யே பாலூட்டி, இந்த நூலப் புடி." "பாலூட்டி வருது, வழி வுடுங்கடா." கோவிந்தராசு வெச்ச பேரு. ஆனா ஒரு நாளு இவனுக்குக் காய்ச்சலு, நான் வரலன்னதும் அதே பயலுவோ வேலய வுட்டுட்டு ஒன்னா கெளம்பி இந்த வாசல்ல வந்து நின்னானுவோ. ஒருத்தன் கையில கசாயம், ஒருத்தன் கையில திருநீறு. கோவிந்தராசு ஒரு எளநியத் தூக்கிட்டு நிக்கறான். பச்சப் புள்ளைக்கு எளநி! அப்பறம் அவனே குடிச்சிட்டுப் போனான்.

அக்கா, அது என்னா கிண்ணம்... கேவுரு கூழா? அடுப்புமேல இருந்ததா? குடுக்கறீங்களா? வேஸ்ட்டுக்கா. நான் சொன்னேன்ல, தலைய இப்புடித் திருப்புவான், அப்பறம் ஃபூன்னு ஊதுவான், ஒங்க பொடவைல...

...

வாங்கிட்டானா?

பசியா இருந்துருக்கும். மொத வாயி எல்லார்கிட்டயும் வாங்குவான், ரெண்டாவதுக்குப் பாருங்க... இந்தா, அதயும் வாங்கிட்டான். என்ன போட்டீங்க அதுல? ஒன்னும் போடல? நான் காக்கா காட்டி, நாய் காட்டி, செல்லுல பொம்ம போட்டு, தலைமேல துண்டப் போட்டு ஆடிக் காட்டி ஊட்டறேன்க்கா! ஆடிக்காட்டி! தெருவே பாக்கும். நீங்க ஒன்னுமே பண்ணாம ஸ்பூன நீட்டறீங்க, வாயத் தொறக்கறான். டேய், என்னா நெனச்சிக்கிட்டு இருக்க நீ? ரெண்டு மாசமா எங்கிட்ட என்னா நடிப்பு நடிச்ச?

இல்லக்கா, எனக்குச் சந்தோசம்தான். நான் ஏன் வருத்தப்படப் போறேன்? நல்லா சாப்புடட்டும். நான் வேணா வெளிய நிக்கறேன். ...அந்தக் கிண்ணத்த இப்புடிக் குடுங்க, ஒரு வாயி நான் ஊட்டிப் பாக்கறேன். ஆ... ஆ சொல்லு... ஐயனாரு ஆ சொல்லு...

ஃபூன்னுட்டான். பாத்தீங்கள்ல? மூஞ்சி பூரா. சரி, நீங்களே குடுங்க.

நல்ல கையிதான் ஒங்களுக்கு. ஆனா ஒன்னு சொல்லிடறேன், இன்னிக்கு இப்புடி இருக்கறத வெச்சி ஏமாந்துடாதீங்க. இவனோட மெயின் பிரச்சன சோறு இல்ல. இவன் பண்ற ஒவ்வொன்னையும் மொத மொதல்ல எப்பப் பண்றான்னு இருக்கு பாருங்க, அதான் எங்க வூட்டுல பெரிய பிரச்சன. தவந்தது எங்கிட்டதான். புடிச்சிக்கிட்டு எந்திரிச்சி நின்னது எங்கிட்டதான். எல்லாத்தயும் நந்தினி பஸ் ஏறுன அப்பறம்தான் பண்ணுவான். நான் உடனே போன் போட்டுச் சொல்லுவேன். அது, "அப்புடியா, சரி"ங்கும். நான் என்ன நெனச்சேன், வேலயா இருக்கு போலன்னு நெனச்சேன்.

பல்லு மொளச்சிது ஒரு நாளு. கீழ, அரிசி மாதிரி. எனக்குத் தல கால் புரியல. ஒதட்ட இழுத்துப் புடிச்சி ஒரு போட்டோ எடுத்தேன், ஸ்டேட்டஸ்ல போட்டேன். "எங்க சிங்கத்துக்குப் பல்லு"ன்னு போட்டு, சுத்தி பட்டாசு, ஹார்ட்டு எல்லாம் வெச்சி. நந்தினிக்கு அன்னிக்கு லேப்புல கூட்டம், போனயே பாக்கல. ரத்தம் குடுக்க வந்த எங்க தெருக்காரம்மா ஒருத்தங்க, கைய நீட்டிக்கிட்டே, "புள்ளைக்குப் பல்லு மொளச்சிட்டாமே"ன்னுருக்காங்க. அப்பத்தான் தெரியும் அதுக்கு.

வந்துச்சு வூட்டுக்கு. புள்ளயத் தூக்குச்சு. வெரல வுட்டு அந்தப் பல்லத் தடவிப் பாத்துச்சு. நான் சிரிச்சிக்கிட்டே நிக்கறேன், லூசு மாதிரி. சோறு திங்கல. பேசல. பேசுனா பரவால்லக்கா, சண்ட போட்டா நானும் போடுவேன், அது எனக்கு வரும். அப்பறமாத்தான் சொன்னிச்சு: "நான் ஊரான் ரத்தத்த எல்லாம் எடுத்து டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்கேன். எம்புள்ளைக்குப் பல்லு மொளச்சத ஊரான் சொல்லித் தெரிஞ்சிக்கறேன்." அவ்வளவுதான்.

எனக்கு... எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல. எனக்கு! நீங்களே பாக்கறீங்கள்ல, எனக்குப் பேச்சு வராம போவுமா? அன்னிக்குப் போச்சு. ஸ்டேட்டஸ அழிச்சிட்டு வந்து பக்கத்துல உக்காந்தேன். நவுந்து உக்காந்துச்சு.

அப்பறம் சரியாயிட்டுன்னு வெச்சிக்கங்க. ஆனா அதுலேர்ந்து நான் போன் பண்ணி எதுவும் சொல்றதில்ல. சொல்லாம இருக்கறது எனக்கு எவ்ளோ கஷ்டம்னு யாருக்குத் தெரியும்? வாரக்கணக்கா வயிறு உப்பிப் போயிக் கெடக்கேன்.

இந்தா, அடிச்சிட்டான் கோவிந்தராசு. ...டேய், வர்றேண்டா! கெளம்பிட்டேன்! பாலத்துகிட்ட வந்துட்டேன்! ...எந்தப் பாலமா? ஏதோ ஒரு பாலம், வைடா போன! ...பொய்தான்க்கா. சட்டயே போடல நான். பைய எடுத்து வெச்சிட்டேன், அவ்வளவுதான். நீங்க என்ன முடிவு பண்ணியிருக்கீங்க? இருக்கீங்களா, கொழாயடிக்குப் போறீங்களா? ...தலயாட்டறீங்க. இருக்கேன்னு ஆட்டறீங்களா? நெசமாவா? நான் சொன்னதெல்லாம் கேட்டப்பறமுமா?

அப்ப... நான் போவலாம். ஆமா. போவ வேண்டியதுதான். நல்லதுதான்.

தூளிய ரொம்ப ஒசத்திக் கட்டாதீங்க. மதியானம் தூங்கி எந்திரிச்சா அழுவான். அழுவும்போது தூக்கக் கூடாது, பக்கத்துல போயி உக்காந்து முதுகுல தட்டணும், அவனா வந்து மேல ஏறுவான். எடது பக்கம் தோளுதான் புடிக்கும். தெருவுல ஐஸ்வண்டி மணி அடிச்சா சன்னல்கிட்ட காட்டுங்க. நாயப் பாத்தா பயப்பட மாட்டான், நாய்தான் பயப்படும். அப்பறம்... எம்பேரு சொல்லிக்கிட்டு இருங்க அப்பப்ப. திரும்பி வரும்போது யார்ரா இவன்னு பாத்தான்னா எனக்கு... சரி, வேணாம். சொன்னா சொல்லுங்க.

சட்ட எங்க? ஆங், கொடில. டேய், நான் போயிட்டு வர்றேன். என்னடா? பாக்கறானா பாருங்க. அந்த ஆடற நாக்காலியப் புடிச்சிக்கிட்டு நின்னுக்கிட்டு ஒங்களயே பாக்கறான். அப்பன் கடலுக்குப் போறான், ஒரு அழுவ கெடயாது. ஒரு மொகச் சுளிப்பு கெடயாது. ஒரு பேச்சுக்காவது அழுவணுமா இல்லியா? ஊரு என்ன நெனைக்கும்...

அக்கா.

அக்கா, அசையாதீங்க. கைய வுட்டுட்டான். நாக்காலிய வுட்டுட்டான். கூப்புடாதீங்க... கைய மட்டும்... ஆமா, அப்புடியே...

...

...

யய்யோ! யய்யோ யய்யோ! நடந்தான்க்கா! ரெண்டு அடி! ரெண்டுக்கா! ஒங்க மடில வந்து விழுந்தான்! எம் பக்கம் வரல, பரவால்ல, ஒங்க பக்கம்தான் வந்தான், இருக்கட்டும்! டேய் அகரா! டேய் ஆதிமூலம்! எவன் பேரு வெச்சா என்னடா! எங்க, இன்னொரு தரம்... இல்ல இல்ல இல்ல. வேணாம். தூக்கிக்கங்க. தூக்கிக்கங்கக்கா, கீழ வுடாதீங்க.

இங்க பாருங்க. நாம ரெண்டு பேரும் ஒன்னும் பாக்கல. புரியுதா? இவன் நடக்கல. சாயங்காலம் வரைக்கும் இடுப்புலயே வெச்சிருங்க. நந்தினி வரும், மூஞ்சி கழுவும், டீ குடிக்கும். அது உக்காந்த அப்பறம் நேரா, எட்டத்துல நிறுத்துங்க. வரட்டும். அதுதான் மொதல்ல பாத்துச்சுன்னு இருக்கட்டும். இதுவாவது அதுக்கு இருக்கட்டும்க்கா. நீங்க, "அட, நடக்கறானே!"ன்னு ஆச்சரியப்படணும். வாயில கைய வெச்சிக்கங்க. நடிக்க வருமா ஒங்களுக்கு? தெருவுல யாருகிட்டயும் மூச்சு வுடக் கூடாது. சாமிமேல சத்தியம் பண்ணுங்க. பண்ணிட்டீங்களா? எனக்கு ஒங்கமேல நம்பிக்க இருக்கு, ஆனாலும் பொம்பளைங்க வாயில எதுவும் நிக்காது பாருங்க, அதான் கேக்கறேன்.

தோ, மறுபடியும் அடிக்கறான். இவன் ஒருத்தன்... டேய் கோவிந்தராசு! வைடா உன் ஐஸ! எம்புள்ள நடந்துட்டான்டா! ரெண்டு அடி! இப்பத்தான்டா, என் கண்ணு முன்னாடி, நெஞ்ச நிமித்திக்கிட்டு... என்னடா பேச மாட்டேங்கற? டேய்?

...

நந்தினியா?

இல்ல... நான் வந்து... கடந்துட்டான்னேன். கோவிந்தராசு பாலத்தக் கடந்துட்டான்னு... எந்தப் பாலம்னு எல்லாரும் ஏன் கேக்கறீங்க? ஏய்... ஏய் நந்தினி. அழுவறியா? லேப்புல ஆளு இருப்பாங்க, அழுவாத. ...சிரிக்கிறியா? எதுன்னு சரியா கேக்கல. சரி, ரெண்டையும் பண்ணு.

ஒன்னுதான் வெச்சான். ...சரி, ரெண்டு. ரெண்டாவது அடி இல்ல, அது விழுந்தது. நெசமா. மொறையா ஒரு நட இன்னும் நடக்கல. நீ ஓனருகிட்ட கேட்டுட்டுக் கெளம்பு. இப்பவே பஸ்ஸப் புடி. வந்து எட்டத்துல உக்காந்து கைய நீட்டு, அவ்வளவுதான், வருவான். பேசாத, கூப்புடாத, கைய மட்டும் நீட்டு. ...நானா? நான் போயிடுவேன், ஐஸு கரையும். இல்ல, பரவால்ல. நீ பாரு. ...அந்தக்காவா? இருக்காங்க. ம். இன்னும் போவல! கூழு பூரா ஊட்டிட்டாங்க. ...நான் என்ன பேசுனேனா? நான் ஒன்னும் பேசல, ரெண்டு வார்த்த சொன்னேன். வை. பஸ்ஸப் புடி. வை.

...பாத்தீங்களாக்கா? எல்லாம் ஒங்களாலதான்! ஒரு மனுசன் நீங்க வந்ததுலேர்ந்து வாய மூடாம பேசிக்கிட்டே நிக்கறான், போதும் நிறுத்துறான்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா நீங்க?